வவுனியாவிலிருந்து கிளிநொச்சி: நிதிதிரட்டும் சைக்கிள் பயணத்தின் கடைசி நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டிப் பக்கத்து ஏற்றங்களை ஏறி முடித்தவர்கள் வவுனியாவில் படுக்கப்போகும்போது சொல்வது ஒன்றுதான்: “நாளைக்கு முழுக்க மட்டமான றோட்டுத்தானே.” ஏ9 வீதியில் கிளிநொச்சி இன்னும் ஏறக்குறைய 80 கி.மீ. மட்டம்தான், ஆனால் இறக்கமும் இல்லை. மிதித்தால்தான் உருளும், சீற்றை விட்டு எழும்பத் தேவையே வராது. பாரம் ஒரே இடத்தில் அழுந்த அழுந்த, முந்தைய நாள்களில் சிவந்திருந்த தோல் அன்றைக்குப் புண்ணாகும். 10–15 நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பி நின்று கொஞ்சத் தூரம் மிதியுங்கள். படத்துக்காகப் புதுப் பருத்தி ரீசேர்ட்டைக் காலையிலேயே போடவேண்டாம். வியர்வையில் ஊறி அக்குளை உரசியெடுக்கும். கடைசித் தரிப்பில் மாற்றினால் போதும்.

பெரிய பிழை நடப்பது கணக்கில். மணிக்கு 20 கி.மீ., ஆகவே 4 மணித்தியாலம், 10 மணிக்கு வரவேற்பு விழா என்று, பயணம் முடியும் பாடசாலைக்குச் சொல்லிவிடுவார்கள். 30 பேர் போகும்போது ஒட்டுப் போடுவது, புளியங்குளத்தில் தேத்தண்ணி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய், அங்கேயே கச்சான் எல்லாம் சேர்ந்து சராசரியை 14–15 க்கு இறக்கிவிடும். முறிகண்டியில் நிற்காமல் போக ஒருவரும் சம்மதிக்கப் போவதில்லை, வீணாக முயலவேண்டாம். காலை 5.30 க்கு வெளிக்கிட்டால் 11 மணி என்று வையுங்கள். விழாவைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்தால் பிள்ளைகளும் மாலையோடு வெயிலில் காயமாட்டார்கள்.

பிந்திவிட்டோம் என்ற பதற்றம் மாங்குளம் தாண்டியதும் தொடங்கும். முன்னால் போகிறவர்கள் இழுப்பார்கள், மற்றவர்கள் நெருக்கிப் பிடிப்பார்கள். முன்னவரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் உங்கள் முன்சில்லு நிற்கும் நேரம் அவர் ஒரு மாட்டுக்கு விலகினாலே போதும்: சில்லுகள் உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர். ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதே தெரியாது.

பந்தல் வேலைக்கென்று, உதவிக்குக் கூட வரும் வானை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பம்பும் மருந்துப் பெட்டியும் அதோடு போய்விடும். வான் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

காற்றுப் போனால் அவசரத்தில் புது ரியூப்பைப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடி ஓட்டையாக்குவது கடைசி நாளில் வழக்கம். கழற்றிய ரியூப்புக்குக் காற்றடித்து, ஓட்டை வால்கட்டையிலிருந்து எத்தனை சாண் என்று பாருங்கள். ரயரின் உட்பக்கத்தில் அதே இடத்தைத் துணியால் தடவுங்கள். வெறும் விரலைக் கம்பித் துண்டு கிழித்துவிடும். உடைமுள் நுனி முறிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும். ரயரை மடித்து வளைத்தால்தான் தலைகாட்டும்.

மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் வரை குடிக்கலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஒரு பைக்கற் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) ஒரு லீற்றருக்கு. அரை லீற்றரில் முழுவதையும் கொட்டக்கூடாது. முழங்கால் நோவுக்கு இபுபுரூபன், டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு ஓடவே வேண்டாம்: உடலில் நீர் குறைந்த நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வந்து இறங்கியதும் மாலை, பிறகு பேச்சு. மிதிக்கும்போது கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். திடீரென்று வெயிலில் அசையாமல் நின்றால் அது காலில் தேங்கி ஆள் மயங்கி விழுவார். இரணைமடுச் சந்தியில் எல்லாரும் கூடி, மிச்சத் தூரத்தை மெதுவாக மிதித்து வாருங்கள். இறங்கியபின் ஐந்து நிமிடம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துவிட்டு, நிழலில் கதிரையில் இருங்கள். மயங்கியவரைத் தூக்கி நிறுத்தாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெறும் மயக்கமில்லை: உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.