பழைய வேனில் ஜன்னல் ஓரம் ஒழுகுதா? நீங்களே சரிசெய்யலாம்

போன ஆடியில் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் குடும்பத்தோடு போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் நல்ல மழை. மேலே போய் இறங்கும்போது பின்சீட்டில் இருந்த அம்மாவின் சேலை தொப்பலாக நனைந்திருந்தது. வண்டி கரூரில் பாடி கட்டியது, நல்ல வண்டி. ஜன்னல் ரப்பர்தான் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது. ஊருக்கு வந்து நானும் தம்பியும் அதை மாற்றினோம். புதிதாகச் செய்பவர்களும் பயப்படாமல் இறங்கலாம்.

ஒழுகுகிறது என்றதும் சிலிக்கான் டியூப் வாங்கி வெளியே பூசிவிடாதீர்கள். தண்ணீர் வேறு வழியாக உள்ளே போகும், வெளியேற வழியில்லாமல் தகட்டுக்குள் தேங்கித் துருப்பிடிக்கும். வினிகர் வாடை அடிக்கிற வகை தகட்டையே அரிக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் ஒட்டாது.

எங்கே நுழைகிறது?

பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "கண்ணு, சொட்டுற எடத்தப் பாக்காத. அதுக்கு மேல தேடு."

ஜன்னல் ஓரச் சீட்டைக் கழற்றிவிட்டு, உள்பக்கத் தகட்டில் சாக்பீஸ் தூளைத் தடவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸைப் பிடிக்கட்டும். தண்ணீரைப் பீய்ச்சாமல் மெதுவாக விடுங்கள். கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, இடத்துக்கு ஐந்து நிமிடமாக மேலே ஏறுங்கள். எங்களுக்குச் சொட்டியது கீழ் இடது மூலையில். தூளில் கோடு விழுந்ததோ மேல் வலது மூலையிலிருந்து. அங்கே ரப்பர் விலகி ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவு இடைவெளி! அங்கே புகுந்த தண்ணீர் ரப்பரின் பள்ளத்துக்குள்ளேயே ஓடி இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது.

உங்களுடையது தள்ளித் திறக்கிற கண்ணாடி என்றால் முதலில் கீழ்ச் சட்டத்தில் உள்ள வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள். புழுதி அடைத்திருக்கும். கட்டுக்கம்பியால் குத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் பல வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கழற்றுவது

கையுறை கட்டாயம். ரப்பரின் நடுவில் ஓடும் லாக் பீடிங்கை (ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய பட்டை) முதலில் உருவுங்கள். பழைய ரப்பர் எப்படியும் வீண்தான், பிளேடால் அறுத்துவிடலாம். வெளியே ஒருவர் தாங்கிக்கொள்ள, உள்ளிருந்து மேல் மூலையை உள்ளங்கையால் மெல்லத் தள்ளுங்கள்.

சுத்தம் செய்வது

பாதி நேரம் இதற்குத்தான், அவசரப்படக் கூடாது. பழைய பசையைச் சீவிய மரத்துண்டால் சுரண்டுங்கள். துருவை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 220-ல் மழமழப்பாக்கி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் கொடுத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தகடு பொடிகிறதா? வெல்டரிடம் போய் ஒட்டுப் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் போட்டிருந்தால் தின்னர் கிட்டவே வரக்கூடாது, விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

மாட்டுவது

பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடியின் கனம், தகட்டின் கனம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள், இழுத்துப் பொருத்தினால் பிறகு சுருங்கி இணைப்பு விட்டுப்போகும். இணைப்பு மூலையில் வராமல் நேரான பக்கத்தில் வரட்டும்.

ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகடு உட்காரும் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழ் நடுவில் உள்பக்கமாகத் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து சட்டத்தில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். உள்ளிருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே மடிந்து விழும். கயிறு போகிற இடத்திலேயே வெளியே இருப்பவரின் கையும் போக வேண்டும். முதல் தடவை அது 'சளக்'கென்று உட்காரும்போது மனசுக்கு அவ்வளவு நிம்மதி. அப்புறம் லாக் பீடிங்கைப் பூட்டுங்கள்.

ஒரு நாள் காயவிட்டு, வெளி உதட்டைத் தூக்கி அடியில் கெட்டியாகாத கறுப்பு மாஸ்டிக் பசையை மெல்லிய கோடாக விடுங்கள். ஓரத்தில் முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பிசிறு இருக்காது.

மறுநாள் மறுபடியும் சாக்பீஸ் தூள், மறுபடியும் ஹோஸ். தூள் அப்படியே உலர்ந்திருந்தால் சீட்டைத் திரும்பப் பூட்டிவிடலாம்.