கடற்காகம் படமெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் கடற்காகங்கள் (gull) வந்ததும் நெல்லை மாவட்டத்து உவரி, இடிந்தகரை, கூட்டப்புளிக் கரைகளுக்குப் புதுக் கேமராக்களும் வந்துவிடுகின்றன, அதே பழைய பிழைகளோடு. ஆலா (tern) என்கிற வேறு கடற்பறவையைக் கடற்காகம் என்பது, படம் ஆடிப்போவது எல்லாம் பழகப் பழகத் தானே சரியாகும். சரியாகாதவை வேறு.

காராச்சேவு வீசிக் கூட்டம் சேர்ப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒருவர் கைநிறைய அள்ளி வீசுவார். பறவைகள் தலைக்கு மேல் மொய்க்கும். "இரை தேடும் கடற்காகம்" என்று தலைப்பு வைத்துவிடுவார். அது தேடியது அவர் பொட்டலத்தை! இந்தப் பறவை இரையை மாற்றிக்கொண்டே இருக்கும். வள்ளம் கரையேறி வலையிலிருந்து சாளையை உதறும்போது சிதறுகிற தலையும் குடலும். கரையோரம் மீன்கூட்டம் மேலே வந்தால் உயிர்மீன். மழைவிட்ட மாலையில் ஈசல். அதைப் பார்க்கத்தானே கரைக்குப் போகிறோம்? பொட்டலம் பிரித்த கணமே எல்லாம் கெட்டுப்போகும். காகமும் நாயும் வேறு வந்து சேரும்.

வலை உதறும் இடத்திலிருந்து இருபதடி தள்ளி, காற்று முதுகில் படும்படி உட்காருங்கள். பறவை காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால் முகம் உங்கள் பக்கம் இருக்கும். விரித்த வலையை மிதிக்காதீர்கள். ஷட்டர் 1/2000, கவ்வும் நொடிக்கு 1/3200. அலகில் இருப்பது மீனா, குடலா, பூச்சியா என்று தெரிகிற ஒரு படமாவது வேண்டும். நேரத்தையும் இடத்தையும் அன்றே குறித்து வையுங்கள்.

வெளிச்சத்தைக் கேமராவிடமே விடுவது

பின்னால் கருநீலக் கடல் இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளை இறகு சுண்ணாம்பாய் வெளுத்துப்போனால் மீட்க முடியாது. பறவை வானத்துக்கு ஏறினால் நேர்மாறாகக் கருத்துப்போகும். மணலில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் பறவையின் மார்பு வெளுக்காத அளவைப் பார்த்து, மேனுவலில் வைத்துவிடுங்கள். வெயில் ஏற ஏற மாற்ற வேண்டும்.

காலையில் கடலைப் பார்த்து நிற்பது

மார்கழி, தையில் இங்கே சூரியன் கடல்மேல் எழும். அலையோரம் போய் ஊரைப் பார்த்து நில்லுங்கள்.

கண்ணை மட்டும் வைத்து இனம் சொல்வது

பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கருங்கண் என்பது வளர்ந்த பறவைக்கு மட்டுமே பொருந்தும். குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெள்ளைதான், கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். சிறகு விரித்த படம் எடுங்கள்: வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கருத்த சிறகு நுனியில் வெள்ளைத் திட்டுகள், கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளைப் பட்டை.

லென்ஸில் படிந்த உப்பைத் துணியால் துடைப்பது

முதலில் ஊதுங்கள்.

மீன் ஏலக்கரையோடு நின்றுவிடுவது

நீர் இறங்கும் நேரத்தில் புன்னைக்காயல் கழிமுகச் சேற்றையும் பாருங்கள். அங்கே அதற்கு இரை நண்டும் புழுவும்.