பழைய கிற்றாரின் நாதமா, புதுக் கம்பியின் நாதமா?

கனடாவில் இருந்து வந்த மாமா 1970களில் செய்த யமஹா கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டிலோ அப்பாவின் கிற்றார். உள்ளே ஒட்டியிருந்த லேபிள் எப்போதோ கரைந்துபோனது, யார் செய்தது என்று தெரியாது. அரியாலை வீட்டு விறாந்தையில் இரண்டையும் மாறி மாறி வாசித்துப் பார்த்தோம். அப்பாவுடையதுதான் நல்லது என்று எல்லோரும் சொன்னோம். இரண்டு நாள் கழித்து மருமகன் யமஹாவுக்குப் புதுக் கம்பி போட்டான். தீர்ப்பு தலைகீழாகிவிட்டது!

பெரும்பாலானோர் விடும் முதல் தவறு இதுதான். யாழ்ப்பாணத்து உப்புக் காற்றிலும் கை வியர்வையிலும் கம்பி சீக்கிரமே மங்கிவிடும். மங்கிய கம்பியில் வரும் அடங்கிய ஒலியை "பழைய மரத்தின் கனிந்த நாதம்" என்று நம்புவது மிகச் சுலபம். ஆகவே இரண்டுக்கும் ஒரே கம்பனியின், ஒரே தடிப்பில் (12 – 53 போதும்; மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) புதுக் கம்பி போட்டு, ஒரே சுருதிக்கு ஏற்றி, ஒரே பிக்கை (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) பாவித்துத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று: இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் பொஸ்பர் புரோன்ஸ் (பொஸ்பரஸ் கலந்த வெண்கலம்) கம்பி கிற்றாருக்கு வந்ததே 1974இல். 1950களின் கிற்றாரில் அதை மாட்டிவிட்டு "அந்தக் காலத்துச் சத்தம்" என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

அடுத்தது சத்தத்தின் அளவு. கொஞ்சம் உரத்துக் கேட்பது நம் காதுக்கு நல்லதாகவே படும். பெரிய உடலுள்ள டிரெட்நோட் ஒன்றையும் சின்ன கிற்றார் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் பெரியது வென்றுவிடும். அதில் வயதுக்குப் பங்கில்லை. வாசிப்பவரே தீர்ப்புச் சொல்வதும் சரிவராது. கிற்றாரின் ஒலி பெரும்பாலும் முன்னால்தான் போகிறது. இன்னொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, எதிரே ஆறேழு அடி தள்ளிக் கதிரை போட்டு உட்காருங்கள்.

இனி, எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். 1995இல் போரினால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலம் தாண்டி வந்த சாமான் எதுவும் வெறும் சாமான் இல்லை. அப்பாவின் கிற்றார் அப்படி வந்ததுதான். அதைக் கையில் எடுத்தாலே வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதியில் எந்தக் கிற்றாரும் நன்றாகத்தான் கேட்கும். நல்லதாக ஒலித்தவற்றைத்தான் மனிதர் கட்டிக் காத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதே காலத்து மட்டமான கிற்றார்கள் எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும். மிஞ்சியதை மட்டும் வைத்து "அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாகச் செய்தார்கள்" என்று முடிவு கட்டுவது தவறு.

மரத்தின் பெயரும் இப்படித்தான் மயக்கும். அமெரிக்கக் கிற்றார் நிறுவனமான மார்ட்டின் 1969இல் பிரேசில் ரோஸ்வூட்டை விட்டு இந்திய ரோஸ்வூட்டுக்கு மாறியது. அதற்கு முந்தையவற்றின் விலை இன்று தலைசுற்ற வைக்கும். ஆனால் 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த 6 கிற்றார்களை 52 வாசிப்பாளர்கள் மங்கிய வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார்கள். விலை உயர்ந்த மரத்துக்குத் தனி மதிப்பெண் கிடைக்கவில்லை. முன்பலகைதான் முக்கியம். அதிலும் முழுப்பலகையா, பிளைவூட்டா என்று பார்க்க வேண்டும். ஒலித்துளையின் விளிம்பை டோர்ச் அடித்துப் பாருங்கள்: மேலே தெரியும் மர ரேகை விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழுப்பலகை, இடையில் அடுக்கு தெரிந்தால் பிளைவூட். 1966இல் வந்த புகழ்பெற்ற யமஹா எஃப்ஜி-180இன் முன்பலகையே பிளைவூட்தான், நல்ல கிற்றார் என்றாலும். "வயதாக வயதாக மரம் திறக்கும்", அதாவது நாதம் மெருகேறும், என்ற பேச்சை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

மாரியில் கேட்டதைக் கோடையில் கேட்டதோடு ஒப்பிட வேண்டாம். ஈரத்தில் பலகை ஊதி ஒலி மந்தமாகும். டைல்ஸ் போட்ட ஹோலில் கேட்டதையும் விறாந்தையில் கேட்டதையும் அப்படியே. வாட்ஸ்அப்பில் வந்த பதிவை வைத்து விலை பேசவே பேசாதீர்கள். ஃபோன் சத்தத்தைத் தானே சமப்படுத்தி, கீழ்க்கட்டை ஒலியை விழுங்கிவிடும்.

கடைசியில் நாங்கள் இரண்டுக்கும் புதுக் கம்பி போட்டோம். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார, மருமகன் ஐந்து முறை மாற்றி மாற்றி வாசித்தான். மாமாவும் நானும் பாதிக்கு மேல் பிழை. அம்மா மட்டும் ஐந்தையும் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன்.

"அப்பான்ரை கிற்றாரிலை மூண்டாம் கட்டையிலை கம்பி இரையும். முப்பது வருஷமாக் கேக்கிறன்."