கொடுமுடி என்று தேடினால் கொடுமுடி வர வேண்டும்

எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியல் மென்பொருளை நான் பராமரிக்கிறேன். 'கொடுமுடி' என்று தேடினால் சில புத்தகங்கள் வரவே வராது, அலமாரியில் இருக்கும்.

காரணம் யூனிகோட், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறை. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் இரண்டாம் வகை நிறைய இருந்தது. தேடும் சொல், பட்டியல் இரண்டையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 13ஆம் பதிப்பு முதல் இதற்கான நார்மலைஸ் வசதி உள்ளேயே இருக்கிறது.

அப்புறம் எழுத்துக் குழப்பம். ண-ன, ர-ற, ல-ள-ழ மாறுவதற்காக வாசகரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இவற்றை ஓரெழுத்தாக்கிய தனி நெடுவரிசையில் தேடி, சரியாகப் பொருந்துபவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தினேன். இல்லாவிட்டால் 'மலை' தேடுபவருக்கு 'மழை' முன்னால் வந்து நிற்கும். கோயில், கோவில் போன்றவற்றுக்குச் சிறிய இணைச்சொல் பட்டியல் போதும்.

எதுவும் கிடைக்காதபோது வெற்றுத் திரை காட்டுவது எனக்குப் பிடிக்காது. இப்போது நெருங்கிய தலைப்புகள் வரும். விடை கிடைக்காத தேடல்களும் பதிவாகும். அவற்றைப் படித்துத்தான் இணைச்சொற்களைச் சேர்க்கிறேன்.