குறுக்குத்தண்டு மாற்றும்போது நடுவில் வெல்டிங் வேண்டாம்

கேட்டமரான் என்ற இரட்டை உடல் படகைச் சொந்தமாகக் கட்டியவர்கள், இரண்டு உடல்களையும் இணைக்கும் பழைய குறுக்குத்தண்டைக் கழற்றிப் புதியது போடும்போது, அதே தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

நல்ல பைப் வாங்கி, நடுவில் வெல்டிங் வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. 6061-டி6 அலுமினியம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் அந்த டி6 என்பது சூட்டால் ஏற்றிய பதம். உலோகத்தைச் சுமார் 530 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்து கொண்டுவந்த பலம் அது. வெல்டிங் சூடு பட்டால் போய்விடும். 240 மெகாபாஸ்கல் வரை தாங்கும் பைப், வெல்டிங்கை ஒட்டி 25 மில்லிமீட்டருக்கு வெறும் 105 தான் தாங்கும் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

பாய்மரம் நிற்பது பெரும்பாலும் தண்டின் நடுவில். வளைக்கும் விசை அதிகமாக இருப்பதும் அங்கேதான். ஒருவர் பாய்மர அடித்தாங்கியை அந்த இடத்தில் அழகாக வெல்டிங் செய்திருந்தார். பலத்த காற்றில் தண்டு வெல்டிங்கை ஒட்டியே மடங்கியது. பைப் மெல்லிசு என்று முடிவுகட்டி, தடித்த பைப் வாங்கி, அதே இடத்தில் மறுபடி வெல்டிங் வைக்கக் கிளம்பிவிட்டார்!

வெல்டிங்குக்குப் பதிலாக, பைப்பின் வளைவுக்கேற்ற சேணத் தகடு செய்து, பட்டை போட்டு இறுக்குங்கள். போல்ட் வேண்டுமென்றால் பக்கவாட்டில், பாதி உயரத்தில் ஓட்டை போடுங்கள். வளைவின் இழுவையும் அழுத்தமும் மேலும் கீழும்தான் உச்சத்தில் இருக்கும், அங்கே துளைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் போல்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள்.

உடையுமா என்று மட்டும் பார்ப்பது

உடையாத தண்டும் அதிகமாக வளையலாம். வளைந்தால் பாய்மரக் கம்பிகள் தொய்ந்துவிடும். அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். பைப்பின் சுவரைத் தடிப்பாக்குவதைவிட விட்டத்தைக் கூட்டினால் விறைப்பு வேகமாக ஏறும்.

மரத் தண்டில் வெறும் ஓட்டை

அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். பெரிதாகத் துளைத்து, எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, அது இறுகிய அப்புறம் போல்ட் அளவுக்குத் துளையுங்கள்.

கார்பன் இழை

அலுமினியத்தைத் தொடவிடாதீர்கள். நடுவில் கண்ணாடி இழை அடுக்கு வேண்டும்.

கயிற்றுக் கட்டை போல்டாக மாற்றுவது

கேட்டமரான் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரம் (James Wharram) வடிவமைத்த பல படகுகளில் தண்டுகளைக் கயிற்றால் கட்டுவார்கள், அலைக்குக் கொஞ்சம் அசையட்டும் என்றே. அங்கே போல்ட் போட்டு இறுக்கினால், அசைவில் தணிந்த விசை நேராகப் படகின் உடலில் இறங்கும். அந்த உடல் அதற்காகக் கட்டப்பட்டதல்ல.