தேதியை விடுங்கள், பீரங்கியிலிருந்து தொடங்குங்கள்

வரலாற்றுப் பாடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "1690-இல்..." என்று ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். நான் கேள்வியிலிருந்து தொடங்குவேன்: "நிலம் அளக்கச் சங்கிலி இல்லை, பீரங்கி மட்டும்தான் இருக்கிறது. எப்படி அளப்பீர்கள்?"

நம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் நடந்ததே இதுதான். மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். கடலூரும் எல்லைக்குள் வந்துவிட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை.

கதையோடு நிறுத்தாதீர்கள். ஊர் வரைபடத்தைப் பெரிய தாளில் நகலெடுத்து, காம்பஸைக் கையில் கொடுத்துவிடுங்கள். முள் தேவனாம்பட்டினத்தில். குண்டு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை அவர்களே யூகித்து வட்டம் போடட்டும். ஏறக்குறைய பாதி வட்டம் கடலுக்குள் போகும், "சார், கடலையும் வாங்கிட்டாங்களா?" என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். தன் தெரு உள்ளே வருகிறதா என்று பார்க்க வகுப்பே எழுந்து நிற்கும். அப்புறம், ஊர்க்காரர்களை யாராவது கேட்டார்களா என்ற பேச்சு தானாக வரும். அதற்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

புதுச்சேரிப் பள்ளி என்றால் கீழூர் இருக்கிறது; பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகள் இந்தியாவோடு இணைவதா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த ஊர். 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிராக. அந்த எட்டுப் பேர் சார்பில் இரண்டு மாணவர்களைப் பேசச் சொல்லுங்கள்.