கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து பிரெஞ்சு, ஜெர்மன் டிகிரி படிக்கப் போறவங்களுக்கு

நம்ம பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா பக்கம் பிளஸ் டூ முடிச்ச பசங்க கேக்குறாங்க, அக்கா பிரெஞ்சு பி.ஏ. சேரணும்னா முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமான்னு. வேண்டாம்ப்பா. ஹைதராபாத் இஃப்ளு, டெல்லி ஜேஎன்யுன்னு ரெண்டு யுனிவர்சிட்டியிலயும் அரிச்சுவடியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க, ஜேஎன்யுவுக்கு க்யூட்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும், அவ்ளோதான்.

ஆனா சேர்றதுக்கு முன்னாடி லீவுல ஒரு வேலை பண்ணுங்க. வீட்ல தமிழ் கடைத்தெருவுல மலையாளம்னு வளர்ந்ததால நமக்கு காது கூர்மை, ஆனா தமிழ் மீடியத்துல படிச்ச நிறைய பேருக்கு மலையாளம் வாசிக்க வராது. தினம் மலையாளப் பேப்பர்ல ஒரு பத்தி எழுத்துக்கூட்டி சத்தமா படிங்க, வாய்க்குத் தெரிஞ்ச பாஷை கண்ணுக்கும் வரட்டும், காலேஜ்ல புது பாஷையிலயும் கேக்கப்போறது இந்தப் பழக்கத்தைத்தான்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டு, ஒரே மாதிரி கேட்டு அர்த்தம் மாறுற வார்த்தையெல்லாம் எழுதுங்க. அவசரம்னா நமக்கு வேகம், மலையாளத்துல வாய்ப்பு, தெலுங்குல தேவை. நமக்கு ஊரை அடிச்சுட்டுப் போற வெள்ளம் மலையாளத்துல குடிக்கிற தண்ணி. இத கவனிச்சுப் பழகிட்டா ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம், பிரெஞ்சுல லிப்ரெரின்னா புத்தகக்கடைன்னு வரும்போது இங்கிலீஷ நம்பி ஏமாற மாட்டீங்க, நான் முதல் செமஸ்டர்ல அப்படித்தான் மார்க்க விட்டேன்.

பெயர்ச்சொல்ல தனியா மனப்பாடம் பண்ணவே பண்ணாதீங்க, ஆண்பாலா பெண்பாலான்னு காட்ட முன்னாடி வர்ற குட்டிச் சொல்லோட, ஜெர்மன்ல டெர், டீ, டாஸ் மாதிரி, சேர்த்தே படிங்க. ஒரே மேசை ஜெர்மன்ல ஆண்பால் பிரெஞ்சுல பெண்பால், அர்த்தத்த வச்சு யோசிச்சு பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. நீ, நீங்க வித்தியாசம் மட்டும் நமக்கு சுலபம், பிரெஞ்சுல தூ, வூ, ஜெர்மன்ல டூ, ஸீ, யாருகிட்ட எதுன்னு பெரியவங்ககிட்ட பேசி வளர்ந்த பிள்ளைக்கு சட்டுனு புரியும்.

கஷ்டம் இலக்கியத்துலதான். கிராமர் முடியட்டும்னு தள்ளிப்போட்டா அப்புறம் நாவல் பாடம் வரும்போது மூச்சு முட்டிடும், அதனால முதல் வருஷத்துலயே வாரம் ஒரு குட்டிக் கவிதை எடுங்க. முதல் தடவை டிக்‌ஷனரி தொடாம படிங்க, ரெண்டாவது தடவை வினைச்சொல்லுக்கு மட்டும் பாருங்க, மூணாவது தடவை எந்த வருஷம் எந்த ஊர்ல எழுதினதுன்னு தேடுங்க, அப்புறம் அதே பாஷையில நாலு வரி, தப்பா இருந்தாலும் சரி, நீங்களே எழுதி டீச்சர்கிட்ட திருத்தக் குடுங்க.